புதுப்பிப்பு: லயத்துக்குப் பின்னாடி சாஞ்ச கரண்டு கம்பம்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க தோட்டத்து லயத்துக்கு, அதான் வரிசை வீடுங்களுக்கு, பின்னாடி ஒரு கரண்டு மரக்கம்பம் சாஞ்சு நிக்குதுன்னு முன்ன போட்டிருந்தேன்ல, என்னாச்சுன்னு நெறைய பேரு கேட்டீங்க. கான்ட்ரெக்டர் ஆளுங்க ரெண்டு பேரு டேப்லெட்டோட வந்தாங்க. கம்பத்து நம்பர தட்டினதும் மேப்புல வந்துருச்சு, ஆனா புள்ளி என்னமோ செம்பனைக்குள்ள நிக்குது, அத அங்கேயே ஜிபிஎஸ் வெச்சு சரி பண்ணிட்டுதான் வேலைய ஆரம்பிச்சாங்க.

மொதல்ல சுத்தியல்ல தட்டி சத்தம் கேட்டாங்க, அது பழைய முறைதான். அப்புறம் மெல்லிசான ட்ரில்ல மண்ணு மட்டத்துக்கிட்ட உள்ள விட்டாங்க பாருங்க, ஊசி எவ்ளோ கஷ்டப்பட்டு போகுதுன்னு கிராஃப் வருது, கோடு சட்டுனு எறங்கினா உள்ள உளுத்துப்போச்சுன்னு அர்த்தம், ஈரமும் காத்தும் சேர்ற எடம்கறதால அங்கதான் மொதல்ல உளுக்குமாம். நம்ம கம்பத்துல கோடு நல்லாவே எறங்குச்சு.

ட்ரோன் இல்லையா தம்பின்னு கேட்டேன். "அது மேல உள்ளத காட்டும்ணே, அடியில உளுத்தது தெரியாது"ன்னான். நியாயம்தான் லா, எல்லாரும் ட்ரோன் ட்ரோன்னு பறக்கறாங்க.

மேல கம்பி ஜாயிண்ட்ட சூடு காட்டற கேமராவுல பாத்தாங்க, லூசா இருந்தா தனியா சூடா தெரியும், ஆனா கரண்டு நல்லா ஓடற நேரமா இருக்கணும், அதான் எல்லா வீட்லயும் ஏர்கோண் போடற ராத்திரி நேரத்துல வந்தாங்க போல. ஜாயிண்ட் ஓகே.

சிஸ்டத்துல செவப்பு போட்டாச்சு, அதாவது மாத்த வேண்டிய கம்பம்னு. புதுக் கம்பம் இன்னும் வரல, பிள்ளைங்கள அந்தப் பக்கம் விடாதீங்க.