அகலத்திரை டிவியில் படம் கோணலாகத் தெரிந்த அனுபவங்கள்

வைகைக்கரையான்:
பெட்டி டிவியைக் கழித்துவிட்டு எல்.இ.டி. வாங்கியது முதல், ஊரில் எங்கள் வீட்டு டிவியில் எல்லோரும் உப்பிய கன்னத்துடன்தான் தெரிந்தார்கள். கேபிள் பெட்டியின் மஞ்சள் வயர் வழியாக வந்த 4:3 படத்தை (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு; பழைய பெட்டி டிவியின் வடிவம்) டிவி தன் 16:9 அகலத்திரை முழுக்க இழுத்து நிரப்பிக்கொண்டிருந்தது. தீபாவளிக்குப் போயிருந்தபோது, பழைய சாவித்திரி படம் ஓடிக்கொண்டிருக்கையில், ரிமோட்டில் அளவை 4:3 என்று மாற்றினேன். முகம் உரிய வடிவத்துக்கு வந்தது. அம்மாவோ, "இவ்வளவு காசு போட்டுப் பெரிய டிவி வாங்கினது ரெண்டு பக்கமும் கறுப்பா மூடி வைக்கவாடா?" என்று கேட்டார். முகம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்று தெரிந்ததை எடுத்துச் சொல்லியும் பயனில்லை. நான் ஊர் திரும்புவதற்குள் சாவித்திரி மறுபடியும் உப்பிவிட்டார்.

தறிக்காரன்:
உங்கள் அம்மாவாவது முழுப் படத்தையும் பார்த்தார். எங்கள் மாமனார் டிவியில் யாரோ ஜூம் வைத்துவிட்டார்கள். முகத்தை இழுக்காமல் 4:3 படத்தால் அகலத்திரையை நிரப்ப வேண்டுமென்றால் உயரத்தில் கால் பங்கை வெட்டியாக வேண்டும். அப்படி வெட்டுப்பட்டது கிரிக்கெட்டில் ஸ்கோர் ஓடும் கீழ்ப்பட்டை. "இப்போதெல்லாம் சேனல்காரன் ஸ்கோரே போடுவதில்லை மாப்பிள்ளை" என்று அவர் வருத்தத்துடன் சொன்னதும், பிறகு ஆட்டத்தின் நடுவே எனக்குப் போன் செய்து ஸ்கோர் கேட்டதும் இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை.

பழைய ஆன்டெனா:
வைகைக்கரையானின் வைத்தியம் பாதி வைத்தியம்தான். எங்கள் வீட்டிலும் இப்படி டிவியை மட்டும் 4:3 ஆக்கியதில், அகலப் படம் ஒளிபரப்பும் சேனல்கள் நாற்புறமும் கறுப்புச் சட்டத்துடன் நடுவில் தபால்தலை அளவில் நின்றன. கேபிள் பெட்டியும் டிவியும் ஆளுக்கொரு பக்கம் படத்தை மாற்றுவதால் வரும் வினை இது. முதலில் பெட்டியின் மெனுவில் திரை வடிவத்தை 16:9 என்று வையுங்கள். எச்.டி. பெட்டியாக இருந்தால் மஞ்சள் வயரைக் கழற்றிவிட்டு எச்.டி.எம்.ஐ. வயரைப் போடுங்கள், மஞ்சள் வயரில் எச்.டி. வராது. அதன்பின் டிவியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், ஓரம் வெட்டுப்படாமல் முழுப் படமும் தெரியும். குழாய் டிவிக் காலத்தில் ஓரங்களை மறைப்பதற்காக வந்த வழக்கத்தைப் பல டிவிகள் இன்னும் விடவில்லை. லேப்டாப்பை இணைத்தால் கீழ்ப்பட்டை காணாமல் போவதும் அதனால்தான். இவ்வளவும் செய்த பிறகு சினிமாஸ்கோப் படத்தில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். 2.39:1 அளவில் எடுத்த படம் முழு எச்.டி. திரையின் 1080 வரிகளில் ஏறத்தாழ 800 வரிகளைத்தான் நிரப்பும்.

நெல்லைச்சீமை:
மேலே உள்ளவர்களுக்குப் படமாவது தெரிந்தது. எங்கள் டிவியில் செய்தி வாசிக்கும் குரல் கேட்டது, திரை மட்டும் இருட்டாக இருந்தது. வந்து பார்த்த மெக்கானிக், பேனல் (படத்தை உருவாக்கும் திரைப்பகுதி) போய்விட்டது, புதிதாகவே வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, என் மகள் போன் டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாள். அந்த வெளிச்ச வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் மூக்கும் பொட்டும் மங்கலாகத் தெரிந்தன. படம் தெரிகிறதென்றால் பேனல் வேலை செய்கிறது, அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பின்விளக்குதான் எரியவில்லை என்று பொருள். வேறொரு கடையில் அந்தப் பின்விளக்கின் எல்.இ.டி. பட்டைகளை மட்டும் மாற்றினார்கள்; புது டிவியின் விலையில் அது ஒரு சிறு பகுதிதான்.

பழைய ஆன்டெனாவின் பட்டியலில் விட்டுப்போன ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திரையில் நெடுக்குக் கோடு விழுந்தால் டிவியின் மெனுவைத் திறந்து பாருங்கள். மெனுவின் மேலும் அந்தக் கோடு ஓடினால் கோளாறு டிவிக்குள் இருக்கிறது; மெனு சுத்தமாகத் தெரிந்தால் முதலில் கேபிள் பெட்டியையும் வயரையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பின்விளக்கின் அளவு 100இல் இருந்தால் அதையும் குறைத்து வையுங்கள். கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக வைத்ததை வீட்டிலும் அப்படியே ஓட்டினால், அந்தச் சூட்டில் பட்டைகள் சீக்கிரம் போய்விடுகின்றன.