செத்தது செயலியா, திணறுவது கன்சோலா?

காவல்கிணறு: லினக்ஸ் போர்டு தொடங்கும்போது ‘சிபியு1 ஃபெய்ல்டு டு கம் ஆன்லைன்’ (செயலியின் இரண்டாவது கோர், அதாவது கணிப்புப் பகுதி, இயங்க வரவில்லை) என்று செய்தி வந்தால் செயலியே (சிபியு) போய்விட்டதாம், போர்டை மாற்ற வேண்டுமாம். நேற்று ஒருவர் இந்தக் குழுவில் எழுதியிருக்கிறார். எரிச்சல் தாங்கவில்லை. ராதாபுரம் பக்கம் காற்றாலைகளில் நல்ல லினக்ஸ் போர்டுகளை இப்படிச் சொல்லித்தான் தூக்கி எறிகிறார்கள். முதலில் பூட் வரியை, அதாவது தொடங்கும்போது கர்னலுக்குக் (லினக்ஸின் மையப் பகுதி) கொடுக்கும் கட்டளை வரியைப் பாருங்கள். ‘டீபக்’, ‘இக்னோர்_லாக்லெவல்’ என்று எல்லாச் செய்திகளையும் கொட்டச் சொல்லும் இரண்டு சொற்களையும் யாரோ சேர்த்துவிட்டுப் போயிருப்பார்கள். செய்திகள் கம்பி வழியே வெளிவரும் சீரியல் கன்சோல் 9600 பாடில் (நொடிக்கு 9600 பிட்) கிடக்கும். கன்சோலைப் பிடித்த கோர், தேங்கிய வரிகளையெல்லாம் வெளியே தள்ளும்வரை அங்கேயே நிற்கும். இரண்டாவது கோர் ‘வந்துவிட்டேன்’ என்று சொல்வதற்குள் கர்னல் காத்திருக்கும் கெடு முடிந்துவிடும்.

பாளையங்கோட்டை: அந்த ‘ஒருவர்’ நான்தான். நேராகச் சொல்லவும் தைரியம் வேண்டும். ஏஆர்எம்64 (64 பிட் ஏஆர்எம் வகைச் செயலி) கர்னலில் கெடு 5 நொடி. 9600 பாடில் நொடிக்கு 1200 எழுத்து. 5 நொடியில் 6000 எழுத்து போய்விடும். அதற்குள் வராத கோர் செத்த கோர்தான்.

காவல்கிணறு: 1200 இல்லை, 960. ஒவ்வோர் எழுத்தின் 8 பிட்டுடனும் தொடக்க பிட் ஒன்றும் நிறுத்த பிட் ஒன்றும் போகின்றன. ஆக 10 பிட். 80 எழுத்து வரியானால் நொடிக்கு 12 வரிதான். டீபக் கர்னல் கொட்டும் வரிகளுக்கு இது எம்மாத்திரம்? முன்பு கெடு 1 நொடியாகத்தான் இருந்தது. டீபக் வசதிகள் பல சேர்ந்தால் அது போதவில்லை என்றுதான் 5 ஆக்கினார்கள்.

பாளையங்கோட்டை: 9600ஐ 8ஆல் வகுத்தால் 1200. ஐந்தாம் வகுப்புக் கணக்கு, தம்பி.

அம்பை: எக்ஸ்86இல் (மேசைக் கணினிகளின் செயலி வகை) கெடு 10 நொடி அல்லவா?

காவல்கிணறு: இங்கே பேச்சு ஏஆர்எம் போர்டைப் பற்றி, அண்ணாச்சி. ஆனி, ஆடிக் காற்றில் எந்திரத்தை நிறுத்திக் கோபுரம் ஏறுகிறவனுக்குத்தான் வீணாக மாற்றிய போர்டின் அருமை தெரியும். பாளையில் விசிறிக்கடியில் உட்கார்ந்து தீர்ப்பெழுதுவது சுலபம்.

வண்ணார்பேட்டை: ஊரை ஏன் இழுக்கிறீர்கள்? பாளைக்காரர்கள் கோபுரம் ஏறியதே இல்லையா?

பாளையங்கோட்டை: அவர் அப்படித்தான். போன வருடம் மின்தேக்கி விவாதத்திலும் பதில் இல்லாதபோது ஊரைத்தான் இழுத்தார். கர்னல் 4.16இலேயே கன்சோல் வேலையை அடுத்த கோருக்குக் கைமாற்றும் வழி வந்துவிட்டது. இது தெரியுமா?

காவல்கிணறு: தெரியும். நான் சொல்லும் போர்டுகளில் ஓடுவது 4.9. கைமாற்றினாலும் கம்பியின் வேகம் 960 எழுத்துதான். மாற்ற வேண்டியது போர்டை இல்லை, பூட் வரியை. அந்த இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு ‘லாக்லெவல்=4’ (பிழைச் செய்திகள் மட்டும்) என்று போடுங்கள், கன்சோலை 115200க்கு ஏற்றுங்கள். செய்திகள் நினைவகத்திலேயே இருக்கும். பிறகு ‘டிமெஸ்ஜி’ கட்டளையில் பார்த்துக்கொள்ளலாம். அதன் பிறகும் கோர் வரவில்லையென்றால் மின்வழங்கலையும் ஃபர்ம்வேரையும் (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) சோதியுங்கள். செயலியைக் குறை சொல்வது கடைசியில்.

பாளையங்கோட்டை: 1200.

அம்பை: கெடு 10 நொடியா இல்லையா, யாராவது சொல்லுங்கள்.

காவல்கிணறு: 960. நீங்கள் மாற்றச் சொன்ன போர்டின் முழு பூட் பதிவையும் இங்கே போடுங்கள், வரிவரியாகப் பார்ப்போம்.

பாளையங்கோட்டை: அது வாடிக்கையாளருடையது, போட முடியாது. முதலில் மின்தேக்கி விவாதத்துக்குப் பதில் சொல்லுங்கள்.