தென்னாப்பிரிக்கா, டர்பன் பக்கம், ஏப்ரல் 2022 வெள்ளம்: உங்க வீட்டு இன்சூரன்ஸ் கொடுத்ததா, இல்லையா?

கரும்புக்காடு, டோங்காட்

இந்த இழையை நானே ஆரம்பிக்கிறேன். ஏப்ரல் 11, திங்கட்கிழமை ராத்திரி. மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரும்புக்கும் எங்களுக்கும் நடுவில் ஓர் ஓடை. வெயில் காலத்தில் அதில் கணுக்கால் நனையாது. விடியற்காலை இரண்டு மணிக்கு அது சமையலறையில் இருந்தது.

நாலாம் நாள் அலமாரி இழுப்பறையைத் திறந்தால், புத்தாண்டுச் சுண்டலுக்கு வாங்கிய பச்சைப்பயறு பாக்கெட்டுக்குள்ளேயே முளைவிட்டிருந்தது. அன்றைக்குத்தான் ஏப்ரல் 14. அம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்புறம் அழுதார்.

ஆனால் எனக்கு இன்னும் உறுத்துவது அது இல்லை. மூன்று வாரம் கழித்து, சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் அசெஸர் வந்தார். நல்ல மனிதர்தான், பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். “தண்ணீர் எப்படி உள்ளே வந்தது?” என்று கேட்டார். நான் நேர்மையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “முதலில் தரையோரம் ஊறினது மாதிரி இருந்தது, அப்புறம் ஓடை உடைந்து பின்கதவு வழியாக...” என்று இழுத்தேன். ‘ஊறினது’ என்றதும் எழுதினார். அதற்குப் பிறகு சொன்னதற்கு அவர் பேனா அசையவே இல்லை.

கடிதம் வந்தது. புயல், வெள்ளத்துக்குக் காப்பு உண்டாம், நிலத்தடி ஈரக்கசிவுக்குக் கிடையாதாம். எங்களுடையது கசிவாம்! பக்கத்து வீட்டு அண்ணன் அன்று ராத்திரி வாட்ஸாப்பில் அனுப்பிய ஒரு படம்தான் காப்பாற்றியது. எங்கள் பின்வாசல் படி முழுகி, கோழிக்கூடு மிதக்கிற படம், நேரம் 02:14. அதை வைத்து ஆட்சேபம் எழுதி, சுவருக்கும் தரைக்கும் பணம் வந்தது. அந்த ஒரு வார்த்தையை ஏன் சொன்னேன் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெருலம் மகள்

எங்களுடையது சின்னக் கதை. அப்பா 2019-இல் வீட்டுப் பாண்டை, அதாவது வங்கியில் வாங்கிய வீட்டுக் கடனை, கட்டி முடித்தார். வங்கிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தார். மாதாமாதம் பாண்டோடு சேர்த்துப் பிடித்த பணத்தில் வீட்டு இன்சூரன்ஸும் இருந்தது, கடன் முடிந்ததோடு அதுவும் முடிந்துவிட்டது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியாக இருந்திருக்கிறது.

கூரையின் ஒரு பக்கம் போனது. அப்பா அந்த உறையோடு வங்கிக்குப் போனார். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: “அங்கிள், இனி வீடு உங்களுடையது.” அப்பா வீட்டுக்கு வந்து அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார்.

ஸ்டாங்கர் பையன்

அக்கா, சாஸ்ரியாவில் கேட்டுப் பார்த்தீர்களா? 2021 ஜூலை கலவரத்தில் எங்கள் சித்தப்பா கடைக்கு அவர்கள்தான் கொடுத்தார்கள். அரசாங்க இன்சூரன்ஸ் கம்பெனி, வெள்ளத்துக்கும் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார்களே. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் டோங்காட்டில் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போய், ஊரைச் சுற்றித் தண்ணீராக இருந்தும் குழாயில் மாதக்கணக்கில் சொட்டுத் தண்ணீர் இல்லை. டேங்கர் வரிசையில் பாட்டிக்காகப் பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றது மட்டும் மறக்காது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

தம்பி, தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதக் கூடாது. சாஸ்ரியா கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் இவற்றுக்கு மட்டும்தான். மழைக்கும் ஆற்றுக்கும் அதில் ஒரு சென்ட் கிடையாது. பேரிடர் அறிவிப்பு என்பது அரசாங்கம் பணத்தைத் திருப்பிவிடுவதற்கான சட்ட ஏற்பாடு, உங்கள் பாலிசியை அது தொடாது.

நம் நாட்டில் வெள்ளக் காப்பீடு என்று தனியாக ஒன்றை வாங்க வேண்டியதில்லை. வழக்கமான வீட்டுப் பாலிசியிலேயே புயலும் வெள்ளமும் பெரும்பாலும் இருக்கும். ஆபத்து விதிவிலக்குப் பக்கங்களில்தான். கட்டடத்துக்கு ஒரு காப்பு, உள்ளே இருக்கிற பொருளுக்கு வேறு. பாண்டுக்காக வங்கி கேட்பது கட்டடக் காப்பு மட்டும், ஃப்ரிஜ்ஜும் கட்டிலும் அதில் வராது. அடுத்து, குறைத்துக் காட்டுவது. வீட்டைத் திரும்பக் கட்ட 12 லட்சம் ரேண்ட் ஆகும், நீங்கள் பிரீமியம் குறையட்டும் என்று 6 லட்சத்துக்குக் காப்பு எடுத்தீர்கள் என்று வையுங்கள். 3 லட்சம் சேதம் என்றால் ஒன்றரை லட்சம்தான் தருவார்கள், அதிலும் எக்ஸஸை, அதாவது நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கை, கழிப்பார்கள். வீடு விற்கிற விலை இதில் கணக்கில்லை, கட்டுகிற செலவுதான் கணக்கு.

நூறு வருஷ வெள்ளம் என்பதையும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு தடவை வந்தால் அடுத்த நூறு வருஷத்துக்கு நிம்மதி என்று அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. இருபது வருஷப் பாண்ட் முடிவதற்குள் ஒரு தடவையாவது வர 18 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. 1998 நீர்ச் சட்டப்படி புதுக் குடியிருப்பு வரைபடத்தில் இந்த வெள்ளம் எட்டும் எல்லை, வெள்ளக்கோடு, குறிக்கப்பட வேண்டும். கரும்புத் தோட்டத்துப் பழைய வீடுகளுக்கு அப்படிக் கோடு போட்டவர் யார்?

நம் ஆட்களுக்கு ஆற்றங்கரை புதிதா? 1917-இல் டர்பனில் உம்கேனி ஆறு பெருகியபோது மாரிமுத்து படவட்டனும் அவரோடு ஐந்து பேரும் படகு எடுத்துப் போய் 176 உயிர்களைக் காப்பாற்றினார்கள். 1976-இல் மறுபடி அதே ஆற்றோரம் ஸ்பிரிங்ஃபீல்டு ‘டின் டவுன்’ தகரக் குடியிருப்பு முழுகியது. அங்கே இருந்தவர்களைத்தான் டர்பனின் ஃபீனிக்ஸில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். காய்கறித் தோட்டத்துக்கு நல்ல மண் ஆற்றோரம்தான் கிடைக்கும், அதனால் அங்கேதான் வீடும்.

என் அனுபவமா? 1987 செப்டம்பர் வெள்ளத்தில் கார் போனது, மூன்றாம் நபர் காப்பு மட்டும் இருந்தது. அவ்வளவுதான்.

மண்சுவர்

வாத்தியார் ஐயா, பாலிசியைப் படி என்று எல்லாரும் சொல்வீர்கள். நாற்பது பக்கம் இங்கிலீஷ், அதில் ‘ரீட்டெய்னிங் வால்’ எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று எங்கள் மாமாவுக்கு எப்படித் தெரியும்? ஏப்ரலில் தப்பித்தோம். மே மாதம் 21-ஆம் தேதி மழையில், ஊத வேண்டியதுதான் பாக்கி என்கிற மாதிரி நின்றிருந்த தடுப்புச் சுவர் வீட்டுச் சுவர்மேல் சாய்ந்தது. கட்டியவர் மாமாவின் தோழர், நல்ல கொத்தனார். வந்த பொறியாளர் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். “தண்ணீர் வெளியேற ஓட்டை எங்கே?” என்றார். ஓட்டையே இல்லை. “பிளான் எங்கே?” பிளானும் இல்லை. இது மழையால் விழவில்லை, தப்பாகக் கட்டியதால் விழுந்தது என்று எழுதிவிட்டார்கள். கொத்தனார் மாமா இன்றுவரை எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. கோபம் அவர்மேல் இல்லை என்று சொல்லியனுப்பியும் வருவதில்லை.

பின்னால் இருந்த வெண்டி ஹவுஸும் (பலகை அறை) போனது. அதை கிளெய்மில் எழுதவே இல்லை, முனிசிபாலிட்டி அனுமதி கேட்டால் என்ன சொல்வது? ஆயா படுத்திருந்த அறை அது. ராத்திரி பத்து மணிக்கே அடம்பிடித்து வீட்டுக்குள் வந்துவிட்டார். “மண் வாசனை சரியில்லடா” என்றார்.

வெருலம் மகள்

ஸ்டாங்கர் தம்பி, சாஸ்ரியாவில் கேட்டோம், இல்லை என்றார்கள். கோயில்காரர்கள் தகரம் கொடுத்தார்கள். அப்பா இப்போது கட்டடக் காப்பு எடுத்திருக்கிறார், பழைய கடிதத்தின் அதே உறையில் அதையும் வைத்திருக்கிறார்.

கரும்புக்காடு, டோங்காட்

வாத்தியார் ஐயா, விளக்கத்துக்கு நன்றி, நான் கேட்டது அது இல்லை என்றாலும். ஒன்றை நானும் சேர்க்கிறேன்: கிளெய்மை மறுத்தால் கம்பெனியிடமே ஆட்சேபம் சொல்ல 90 நாள் உண்டு. அதற்கும் மசியாவிட்டால் புகாரை விசாரிக்கும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்பட் இருக்கிறது, கட்டணம் இல்லை. எனக்கு அது வரை போக வேண்டியிருக்கவில்லை.

நேற்று ராத்திரி இங்கே நல்ல மழை. ஒரு மணிக்கு எழுந்து, டார்ச்சோடு பின்வாசலுக்குப் போய், ஓடையை போனில் படம் எடுத்தேன். காலையில் பார்த்தால் வெறும் கறுப்பு, ஓர் ஓரத்தில் என் செருப்பு. இருந்தாலும் அழிக்கவில்லை.