முதல் உயிர் எங்கேர்ந்து வந்துச்சு? மின்னலா, கடலடியா, விண்கல்லா?

செத்தாப்பாக்_குமார்:
வணக்கம் மக்களே. மகன் படிவம் 4 படிக்கிறான், மனுஷன் எதுலேர்ந்து வந்தான், அது எதுலேர்ந்து வந்துச்சுன்னு பின்னாடியே போயி கடைசில முதல் உயிர் எதுலேர்ந்து வந்துச்சுன்னு நிக்கிறான். யூடியூப்ல தேடுனா ஒருத்தர் மின்னல்ங்கிறார், ஒருத்தர் கடலடிங்கிறார், இன்னொருத்தர் விண்கல்லுங்கிறார். எதுதான் ப்ரூஃப் ஆன தியரி? சாமி படைச்சாருன்னு எழுதுறவங்க வேற திரெட் திறந்துக்குங்க, எங்க வீட்லயும் சாமி ரூம் இருக்கு, நான் கேக்குறது கெமிஸ்ட்ரி.

பிறை_ராஜா:
டார்வின்தான் எவல்யூஷன் சொல்லிட்டாரே அண்ணே, இதுல என்ன டவுட்டு

லேப்_அக்கா_பினாங்கு:
ராஜா தம்பி, தன்னைத்தானே காப்பி பண்ணிக்கிற ஒன்னு வந்தப்புறம்தான் எவல்யூஷனே ஆரம்பிக்கும். அண்ணன் கேக்குறது அதுக்கு முந்தின கதைய.

குமார் அண்ணே, ப்ரூஃப் ஆச்சுன்னு எதையும் சொல்ல முடியாது, அதுக்காக ஒன்னுமே தெரியாதுன்னும் இல்ல. பூமிக்கு வயசு சுமார் 454 கோடி வருஷம், ஆஸ்திரேலியாவுல பில்பரா பக்கம் நுண்ணுயிருங்க அடுக்கடுக்கா கட்டின பாறை சுமார் 348 கோடி வருஷப் பழசு, ஆக இடையில உள்ள நூறு கோடி வருஷத்துக்குள்ள எப்பவோ காரியம் முடிஞ்சிருச்சு, ஆனா அந்தக் காலத்துப் பாறை பெரும்பாலும் அழிஞ்சு போச்சு, அதனால லேப்ல செஞ்சு பாத்துதான் ஊகிக்கணும்.

மின்னல் கதை 1953ல வந்தது. சிக்காகோவுல ஹரால்ட் யூரிகிட்ட ஆராய்ச்சி பண்ண ஸ்டான்லி மில்லர்ங்கிற மாணவர், கண்ணாடிக் குடுவையில மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி அடைச்சு உள்ள கரண்ட் பொறி விட்டுக்கிட்டே இருந்தார், கொஞ்ச நாள்ல தண்ணி நிறம் மாறி அமினோ அமிலம் கிடைச்சது, புரோட்டீன் இதுலதானே ஆனது. அப்புறம் ஆதி பூமியில அந்த கேஸ்லாம் அவ்வளவா இல்ல, கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான் அதிகம்னு சொல்லி அதுக்கு மவுசு குறைஞ்சு போச்சு. மில்லர் 2007ல இறந்ததுக்கப்புறம் அவரோட பழைய குப்பிங்கள எடுத்து புது மெஷின்ல போட்டாங்க, எரிமலை ஆவி மாதிரி செட் பண்ணின ஒரு சோதனையில இருபதுக்கும் மேல அமினோ அமிலம்! அம்பது வருஷம் பெட்டிக்குள்ள சும்மா கிடந்திருக்கு லா.

ஆனா என்னைக் கேட்டா அமினோ அமிலம் கிடைக்கிறது பெரிய காரியமே இல்ல, கோக்குறதுலதான் கஷ்டம். இப்ப நம்ம செல்லுல டிஎன்ஏவ காப்பி பண்ண புரோட்டீன் வேணும், புரோட்டீன் செய்ய டிஎன்ஏல உள்ள குறிப்பு வேணும், கோழியா முட்டையா கேஸ்தான். அதுக்குத்தான் ஆர்என்ஏ, டிஎன்ஏவுக்குச் சொந்தக்கார மூலக்கூறு. குறிப்பையும் வச்சுக்கும், வேலையும் செய்யும், ஆர்என்ஏ வேலையும் செய்யும்ங்கிறத கண்டுபிடிச்ச தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் ரெண்டு பேருக்கும் 1989ல நோபல். சிதம்பரத்துல பொறந்த நம்ம வெங்கி ராமகிருஷ்ணன் 2009ல நோபல் வாங்கினது ரைபோசோமுக்கு, புரோட்டீன் தயாராகுற எடமே அதுதான், அங்க அமினோ அமிலத்த ஒன்னோட ஒன்னு ஒட்டுறது எதுன்னு பாத்தா ஆர்என்ஏ, புரோட்டீன் இல்ல. ஆர்என்ஏ மட்டும் இருந்த காலத்தோட மிச்சம் அதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நானும்தான்.

பூச்சோங்_பையன்:
அதெல்லாம் பழசு, பென்னுங்கிற சிறுகோள்லேர்ந்து நாசா மண்ணு எடுத்துட்டு வந்துச்சே, உயிர் வானத்துலேர்ந்துதான் வந்துச்சு

பிரிக்பீல்ட்ஸ்_சார்:
தம்பி, அங்க கிடைச்சது உயிர் இல்லப்பா, சாமான். 2023 செப்டம்பர்ல வந்து இறங்குன அந்த 121 கிராம் சொச்ச மண்ணுல, உயிருங்க பயன்படுத்துற 20 அமினோ அமிலத்துல 14ம், டிஎன்ஏ ஆர்என்ஏல குறிப்பு எழுத எழுத்து மாதிரி உதவுற மூலக்கூறு அஞ்சும் இருந்துச்சு. 1969ல ஆஸ்திரேலியாவுல மர்ச்சிசன்ல விழுந்த கல்லுலயும் அமினோ அமிலம் உண்டு. சாமான் மேலேர்ந்து வந்துச்சுன்னா ஒத்துக்கிறேன். உயிரே வந்துச்சுன்னு சொல்றது, வாடகைக்கு ஏது காசுன்னு கேட்டா அண்ணன் குடுத்தார்ங்கிற மாதிரி, அண்ணனுக்கு ஏதுன்னு மறுபடி கேக்கணும்ல.

செத்தாப்பாக்_குமார்:
அக்கா, சார், ரொம்ப நன்றி. அப்ப கடலடிங்கிறது என்ன கதை?

லேப்_அக்கா_பினாங்கு:
அண்ணே, அடிதடியே இங்கதான். 2000ல அட்லாண்டிக் நடுவுல கடலடியில லாஸ்ட் சிட்டின்னு ஒரு எடம் கண்டுபிடிச்சாங்க, அறுபது மீட்டர் உயரம் வரைக்கும் வெள்ளை வெள்ளையா தூணுங்க, உள்ளேர்ந்து 40லேர்ந்து 90 டிகிரி சூட்டுல காரத் தண்ணி (அல்கலைன், அமிலத்துக்கு எதிர்) கசியுது. ஆதிக்கடல் கொஞ்சம் அமிலமா இருந்திருக்கும், ஆக உள்ள காரம், வெளிய அமிலம், நடுவுல துளைத் துளையா மெல்லிசு சுவரு. நம்ம செல்லு சக்தி எடுக்குறதும் சவ்வுக்கு ஒரு பக்கம் புரோட்டான் அதிகம், மறுபக்கம் கம்மின்னு வச்சுத்தான், அமிலத்துக்கும் காரத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதேதான், அதனால நிக் லேன், வில்லியம் மார்ட்டின் மாதிரி விஞ்ஞானிங்க ஆரம்பம் இப்படி எடத்துலதான்னு அடிச்சு சொல்றாங்க.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆர்என்ஏ துண்டுங்கள கோக்கும்போது ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு தண்ணி மூலக்கூறு வெளிய போகணும், சுத்தி எல்லாமே தண்ணின்னா எங்க போகும்? கோத்தாலும் அவுந்துரும். குளம்னா வெயில்ல வத்தும், ஓரத்துல படிஞ்ச சாமான் நெருங்கி கோத்துக்கும், மழை பேஞ்சா கரையும், மறுபடி வத்தும், இப்படியே நடந்துக்கிட்டு இருக்கும். எரிமலை ஓரத்து வெந்நீர்க் குளம்னு டேவிட் டீமர் சொல்றது இதத்தான், கொழுப்பு மூலக்கூறுங்க தண்ணி பட்டதும் தானா உருண்டையாகி இந்தத் துண்டுங்கள உள்ள வச்சு மூடிக்கும். 2009ல ஜான் சதர்லேண்ட் குழு ஆர்என்ஏவோட நாலு எழுத்துல ரெண்ட செஞ்சப்பகூட வெயில்ல உள்ள மாதிரி அல்ட்ராவயலட் கதிர் உதவுச்சு, கடலடிக்கு அது எட்டாது. நான் குளத்துக் கட்சி.

பிரிக்பீல்ட்ஸ்_சார்:
குளத்துக்கு நிலம் வேணுமேம்மா, அப்ப பெரும்பாலும் கடல்தானே?

லேப்_அக்கா_பினாங்கு:
ஹவாய் மாதிரி எரிமலைத் தீவு கொஞ்சம் இருந்தா போதும் சார். ஆனா சரியான பாயிண்ட்டுதான், கடலடிக் கட்சி எங்கள மடக்குறதும் இதுலதான்.

செத்தாப்பாக்_குமார்:
மகன் பக்கத்துல உக்காந்து படிச்சுக்கிட்டே இருக்கான் அக்கா. எங்க ஏரியாவுல ஆயர் பானாஸ் வெந்நீர் ஊற்று இருக்கே, அதுல இப்ப புதுசா உயிர் வருமான்னு கேக்குறான்.

லேப்_அக்கா_பினாங்கு:
வராதுன்னு சொல்லுங்க. அப்ப காத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்ல, இப்ப இருக்கு, இந்த மாதிரி மூலக்கூறுங்கள அது கெடுத்துரும். அதோட டார்வினே 1871ல ஹூக்கர்ங்கிற நண்பருக்கு எழுதின லெட்டர்ல வெதுவெதுப்பான சின்னக் குளத்தப் பத்தி சொல்லிட்டு, இன்னைக்கு அதுல ஏதாச்சும் உருவானாலும் ஏற்கெனவே இருக்கிற உயிருங்க உடனே தின்னுரும்னு எழுதியிருக்கார். ஆயர் பானாஸ் தண்ணியில பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கு, புதுசா எது வந்தாலும் அதுங்களுக்கு ஃப்ரீ சாப்பாடுதான்.