இஸ்ஃபஹானில் ஓர் இருட்டு நடை

ஈரானில் உள்ள இஸ்ஃபஹான் போய் வந்தவர்கள் நீல ஓடுகளைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். என் நினைவில் நிற்பது அங்கே ஒரு பள்ளிவாசலின் உள்ளே போகும் வழியான இருட்டு நடை.

நக்‌ஷெ ஜஹான் சதுக்கத்தின் கிழக்கே இருக்கிறது ஷேக் லுத்ஃபுல்லாஹ் பள்ளிவாசல். பாரசீக அரசர் முதலாம் ஷா அப்பாஸ் 1603இல் தொடங்கி, 1619இல் கட்டி முடித்தது. மினாரா கிடையாது, முற்றமும் கிடையாது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், குவிமாடம் வாசலுக்கு நேர் மேலே இல்லாமல் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. இவ்வளவு பெரிய சதுக்கத்தை நூல் பிடித்தாற்போல் அமைத்தவர்கள் இதில் எப்படிக் கோட்டைவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உள்ளே போனதும் புரிந்தது. சதுக்கம் ஏறக்குறைய வடக்கு தெற்காக நீள்கிறது. மக்கா அங்கிருந்து தென்மேற்கில். வாசல் சதுக்கத்தைப் பார்க்க வேண்டும், தொழுகிறவர் மக்காவைப் பார்க்க வேண்டும். அதனால் அந்த நடை இடப்பக்கம் திரும்பி, அப்புறம் வலப்பக்கம் மடங்கி, தொழுகைக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்குச் சுவரில் இருக்கும் ஓடுகூடச் சரியாகத் தெரியவில்லை. சதுக்கத்துச் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. கூடத்துக்குள் காலை வைக்கிறேன், நேர் எதிரே மிஹ்ராப், மக்காவின் திசையைக் காட்டும் சுவர் மாடம். என்னை அறியாமலே கிப்லாவை, அதாவது தொழும் திசையை நோக்கி நிற்கிறேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம் வெளிச்சம். ஜன்னல்களுக்கு உள்ளேயும் வெளியேயும் கொடிப்பின்னல் சல்லடைகள். அவற்றில் வடிகட்டித்தான் வெயில் உள்ளே விழுகிறது. குவிமாடத்தின் உட்புறத்தில் பூவேலைக் கட்டங்கள் மேலே போகப் போகச் சிறுத்து, உச்சியில் ஒரு சூரியனில் போய்ச் சேர்கின்றன. குர்ஆனின் 24ஆவது அத்தியாயம் இறைவனை வானங்கள், பூமியின் ஒளி என்கிறது. அந்த ஒளிக்கு அது சொல்லும் உவமை, மாடத்தில் வைத்த விளக்கு. பாரசீக மிஹ்ராபுகள் சிலவற்றில் தொங்கும் விளக்கையே பொறித்திருப்பார்கள். இங்கே கூடம் முழுவதுமே அப்படியொரு மாடமாக எனக்குத் தெரிந்தது.

இஸ்லாமியக் கலையில் உருவம் வரையக் கூடாது, அதனால்தான் பூவும் கோடும் எழுத்தும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். சதுக்கத்தைக் குறுக்கே கடந்து எதிரே உள்ள அலி காப்பு அரண்மனைக்குள் போனால், சுவர்களில் மனிதர்களை வரைந்திருக்கிறார்கள். அதே ஊர், அதே அரசர். அவர்களுக்கு உருவம் வரையத் தெரியாமல் இல்லை. தொழும் இடத்தில் மட்டும் அதை வேண்டாமென்று வைத்தார்கள். இறைவன் ஒருவனே, அவனுக்கு ஒப்பாக எதையும் காட்ட முடியாது என்ற தவ்ஹீதை மனதில் வைத்துப் பார்த்தால், உருவம் எதுவும் இல்லாத அந்த மிஹ்ராபைக் குறை என்று சொல்லத் தோன்றாது.

வெளியே வருமுன் மிஹ்ராபின் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். அங்கே கட்டியவர் தன் பெயரைப் பொறித்திருக்கிறார். கூட இருந்தவர் படித்துப் பொருள் சொன்னார்: ஏழை, எளியவன், இறைவனின் கருணையை வேண்டி நிற்பவன், இஸ்ஃபஹான் கொத்தனார் உஸ்தாத் ஹுசைனின் மகன் முஹம்மது ரிஸா. ஹிஜ்ரி 1028, அதாவது 1618-19.