இசைத்தட்டு ஊசி பார்க்க ஈரோடு, கோவை பக்கம் ஆள் இருக்கிறார்களா?

வணக்கமுங்க. கனடாவின் மாண்ட்ரியல் இசைக்குழுவான காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் 2000இல் வெளியிட்ட 'லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ் லைக் ஆன்டெனாஸ் டு ஹெவன்' ஆல்பம் இரட்டைத் தட்டாகக் கைக்கு வந்திருக்கிறது. நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரே பாட்டு. பாட்டு என்றா சொல்வது? பாடகரே கிடையாது.

சிக்கல் மூன்றாவது பக்கத்தில். 'ஸ்லீப்' தொடக்கத்தில் ஒரு பெரியவர் நியூயார்க்கின் கடற்கரைப் பொழுதுபோக்கு இடமான கோனி ஐலண்டின் பழைய நாட்களைப் பற்றிப் பேசுவார். அது தெளிவாகக் கேட்கிறது. அப்புறம் கிட்டாரும் வயலினும் டிரம்ஸும் சேர்ந்து உச்சிக்கு ஏறும்போது, ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்க, சத்தம் கரகரவென்று உடைகிறது. ஒரே பக்கத்தில் 23 நிமிடம் அடைத்திருக்கிறார்கள், உள்வட்டத்தில் தேய்ந்த ஊசி திணறும் என்கிறான் தம்பி. ஆனால் அப்பாவின் பழைய சினிமாத் தட்டுகள் ஒழுங்காகத்தான் பாடுகின்றன.

ஊசியா, ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜின் கோணமா, தட்டிலேயே குறையா? பார்த்துச் சொல்லும் மெக்கானிக் தெரிந்தால் சொல்லுங்க. நான் பெருந்துறையில் இருக்கிறேன். சென்னைக்கு அனுப்பச் சொல்லிவிடாதீங்க, பார்சலில் பிளேயரின் டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) பிழைக்காது. இதே தட்டு வைத்திருப்பவர்கள் எடுத்து வந்தால் என் பிளேயரில் போட்டுப் பார்த்துவிடலாம். பள்ளிபாளையம் சிக்கனோடு மதியச் சாப்பாடு என் பொறுப்பு.