பழைய எண்ணெய் பெயிண்டைத் தேய்த்ததில் வீடெல்லாம் தூசி, இருமல் நிற்கவில்லை. எந்த மாஸ்க் வாங்குவது?

கேட்பவர், காவேரிப்பட்டணம்

வணக்கம். எங்கள் வீடு 1988-இல் தாத்தா கட்டியது. ஹாலில் தரையிலிருந்து நாலடி உயரத்துக்குப் பச்சை எண்ணெய் பெயிண்ட், அதற்கு மேலே சுண்ணாம்பு, அதன் மேல் டிஸ்டெம்பர். தை மாதக் கடைசியில் தங்கைக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள். அதற்குள் ஹாலையும் அவள் தங்கப்போகும் அறையையும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று நானே வேலையில் இறங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹாலில் பச்சை பெயிண்டைக் கழற்ற, தெரிந்தவரிடம் கிரைண்டர் இரவல் வாங்கி, உப்புத்தாள் தட்டு மாட்டித் தேய்த்தேன். காற்று வரட்டும் என்று மேலே ஃபேனையும் போட்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஓட்டியிருப்பேன். ஒரு பக்கச் சுவர் முடிவதற்குள் எதிரில் இருப்பது தெரியாத அளவுக்குத் தூசி. கதவைச் சாத்தியிருந்தும் சமையலறை அலமாரி, தண்ணீர்க் குடத்து மூடி வரைக்கும் பச்சைப் பொடி. கடையில் கொடுத்த துணி மாஸ்க்தான் கட்டியிருந்தேன். இரண்டு நாளாகக் கண் எரிச்சல், வறட்டு இருமல், மூக்கைச் சிந்தினால் பச்சையாக வருகிறது.

இன்னும் மூன்று சுவர் பாக்கி. நல்ல மாஸ்க் எது, எவ்வளவுக்குக் கிடைக்கும், அதைப் போட்டுக்கொண்டு மீதியை முடித்துவிடலாமா? வீட்டில் மூன்று வயது மகன் இருக்கிறான், அப்பாவுக்கு வீசிங் உண்டு.

பாலக்கோடு பெயிண்டர்

தம்பி, மாஸ்க் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் கிரைண்டரை எடுத்து ஓரமாக வையுங்கள். மீதி மூன்று சுவரை அப்படித் தேய்க்கவே கூடாது.

காரணம் சொல்கிறேன். பழைய எண்ணெய் பெயிண்டில் ஈயம் கலந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சீக்கிரம் காய வேண்டும் என்பதற்கும், நிறம் எடுப்பாக இருக்க வேண்டும் என்பதற்கும் சேர்ப்பார்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மாதிரி பளிச்சென்ற நிறங்களில் கூடுதலாக இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் விதி போட்டதே 2016-இல்தான். நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். உங்கள் சுவர் அதற்குக் கிட்டத்தட்ட முப்பது வருடம் முந்தியது. பார்த்து ஈயம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் பெரிய தொந்தரவு இல்லை. நீங்கள் அதைப் பொடியாக்கி, ஃபேன் போட்டு வீடு முழுக்கப் பரப்பிவிட்டீர்கள். தேய்க்கும்போது ஃபேன் போடவே கூடாது.

ஒன்று கேட்கிறேன். பச்சை பெயிண்ட் உரிந்துகொண்டு வருகிறதா, இல்லை கெட்டியாகப் பிடித்திருக்கிறதா?

கேட்பவர்

அண்ணா, ஜன்னலுக்குக் கீழே மட்டும் ஓதம் ஏறி ஒரு முழம் அகலத்துக்கு உரிந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் கல் மாதிரி பிடித்திருக்கிறது. பளபளப்பு போனால்தான் புது பெயிண்ட் ஒட்டும் என்று கேள்விப்பட்டு எல்லாவற்றையும் தேய்க்கப் பார்த்தேன்.

தருமபுரி நர்ஸ் அக்கா

குழந்தை இருக்கிற வீடு என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே மகனை அந்த ஹாலில் விடாதீர்கள். சின்னக் குழந்தைக்கு ஈயம் மூச்சு வழியாகப் போவதைவிட வாய் வழியாகப் போவதுதான் அதிகம். தரையில் தவழும், பொம்மையை எடுக்கும், அந்தக் கையை வாயில் வைக்கும். பெரியவர்கள் உடம்பு ஏற்றுக்கொள்வதைவிடப் பல மடங்கு ஈயத்தைக் குழந்தை உடம்பு ஏற்றுக்கொள்ளும். மூளை வளர்கிற வயது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ரத்தத்தில் ஈயத்துக்கு ஒரு அளவு கிடையாது என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

துடைப்பம் எடுத்துப் பெருக்காதீர்கள், படிந்த தூசி திரும்ப எழும்பும். வீட்டில் இருக்கிற சாதாரண வேக்குவம் கிளீனரும் வேண்டாம். நுண்ணிய தூசி பின்பக்கமாக அப்படியே வெளியே வந்துவிடும். ஈரத் துணியால் மேலிருந்து கீழே துடையுங்கள். அலமாரி, ஜன்னல் கம்பி, ஃபேன் இறக்கை, கடைசியாகத் தரை. சோப்புத் தண்ணீர் ஒரு வாளி, அலச நல்ல தண்ணீர் ஒரு வாளி. தண்ணீர் கலங்கினால் உடனே மாற்றிவிடுங்கள். இதை அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் செய்ய வேண்டும். திறந்திருந்த குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், பாத்திரங்களைக் கழுவுங்கள். அன்றைக்குப் போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

மகனுக்கு ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. குழந்தை மருத்துவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி எழுதி வாங்குங்கள். உங்கள் இருமல் இன்னும் இரண்டு நாளில் குறையவில்லை என்றாலோ, அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தாலோ தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தங்கை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கர்ப்பிணி உடம்பில் சேருகிற ஈயம் நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகும். வேலை முடிந்து, வீடு துடைத்து, வாடை போகிற வரைக்கும் வளைகாப்புச் சாமான் பார்க்கக்கூட அவளை அங்கே கூப்பிடாதீர்கள்.

ஊத்தங்கரை

இவ்வளவு பயம் தேவையா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டுதான் சுவர் சுரண்டியிருக்கிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பர்கூர் கல்பட்டறை

ஊத்தங்கரை நண்பருக்கு: ஒன்றும் ஆகவில்லை என்று எப்படித் தெரியும்? நான் கிரானைட் பாலிஷ் வேலையில் பதினாறு வருடமாக இருக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், துப்பிவிடலாம். நுரையீரலின் அடி வரை போவது கண்ணுக்கே தெரியாத பொடி. துண்டின் இழைச் சந்தில் அது தாராளமாக நுழையும். எங்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் காய்ந்த கல்லிலேயே வேலை செய்தவர். ஐம்பது வயதில் மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டார். சிலிக்கோசிஸ், கல் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும் நோய். ஒரு நாளில் வருவதில்லை. வந்தபிறகு திரும்பிப் போவதும் இல்லை.

சுவரிலும் அதே சிலிக்கா இருக்கிறது. பட்டியைத் தாண்டிப் பூச்சு வரைக்கும் தேய்த்தால் பறப்பது மணல் தூசிதான். அதனால்தான் பட்டறையில் கல்லைத் தண்ணீர் விட்டு அறுக்கிறோம். சுவருக்கும் அதே வழிதான். ஈரமான பொடி பறக்காது.

மாஸ்க் கேட்டீர்கள். குறைந்தது என்95, இல்லாவிட்டால் ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர எண் அச்சிட்ட எஃப்எஃப்பி2 மாஸ்க். காதில் மாட்டுவது வேண்டாம், தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற மாதிரி வாங்குங்கள். மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு, இரண்டு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் அந்த மாஸ்க் உங்கள் முகத்துக்குப் பொருந்தவில்லை. கண்ணுக்குப் பக்கவாட்டையும் மூடுகிற கண்ணாடி வேண்டும்.

கேட்பவர்

எல்லோருக்கும் நன்றி. கிரைண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மகனையும் மனைவியையும் போச்சம்பள்ளியில் மாமியார் வீட்டில் விட்டுவந்து துடைக்க ஆரம்பித்திருக்கிறேன். முதல் வாளித் தண்ணீர் பச்சையாகவே இருந்தது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

ஒரு சிக்கல். நான் மாலை போட்டிருக்கிறேன். தாடி வளர்ந்திருக்கிறது, மலைக்குப் போய்வராமல் எடுக்க முடியாது. அதற்கு மேல் மாஸ்க் சரியாக உட்காருமா?

பர்கூர் கல்பட்டறை

உட்காராது சாமி. தாடி முடிக்கு நடுவே காற்று வழி தேடிக்கொள்ளும், மாஸ்க் போட்டும் பிரயோஜனமில்லை. எங்கள் பட்டறையில் மாலை போடுகிறவர்களை அந்த நாட்களில் ஏற்றுமதிப் பக்கம், அடுக்குகிற வேலைக்கு மாற்றிவிடுவோம். தை கடைசி வரை நேரம் இருக்கிறதே. மலைக்குப் போய்வந்து தாடி எடுத்தபிறகு தொடங்கலாம், அல்லது வேறு ஆளை விடலாம்.

பாலக்கோடு பெயிண்டர்

அவர் சொல்வதுதான் சரி. அதோடு, உங்கள் வேலையில் முக்கால்வாசி தேவையே இல்லை. கல் மாதிரி பிடித்திருக்கிற பெயிண்டைக் கழற்ற வேண்டாம். பளபளப்பு மட்டும் போனால் போதும். அதற்கு வாட்டர் பேப்பர், 220 நம்பர். சோப்புத் தண்ணீரில் நனைத்து, கையால் லேசாகத் தேயுங்கள். பச்சைக் குழம்பாக வழியும், வழிய வழிய ஈரத் துணியில் எடுத்துவிடுங்கள். காய விட்டால் திரும்பத் தூசிதான். அப்புறம் எண்ணெய் பெயிண்ட் மேலே பிடிக்கிற பிரைமர் என்று கடையில் கேட்டு வாங்கி ஒரு கோட். ஈயம் உள்ளேயே மூடிக்கொள்ளும்.

உரிந்த ஒரு முழ இடத்தை மட்டும், தண்ணீர் தெளித்து, பிளேடால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். பெயிண்டை நெருப்பிலோ ஹீட் கன்னிலோ சுட்டுக் கழற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஈயம் புகையாக வரும். முதலில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எதை அடித்தாலும் அடுத்த மழையில் உரியும்.

வேலை தொடங்குமுன் சாமானை எல்லாம் வெளியே எடுத்து, தரைக்குக் கெட்டியான பாலிதீன் விரித்து, உள்கதவுக்கு மேலிருந்து கீழ் வரை பாலிதீனை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஈரப் பாலிதீன் வழுக்கும், அதன் மேல் ஏணி போடக் கூடாது. ஏணிக் கால் வெறும் தரையில் நிற்கட்டும். நாலடி உயரத்தில் சாய்த்தால் ஏணிக் கால் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்க வேண்டும். நாற்காலி மேல் ஸ்டூல் வைத்து ஏறிய ஒருவரை நானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன்.

பட்டிக்கு வருவோம். தூசி குறைய வேண்டுமென்றால் பட்டி போடும்போதே குறைக்க வேண்டும். ஒரே தடவையில் தடியாக அப்பாமல் மெல்லிசாக இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு இழுங்கள். முதல் கை காய்ந்ததும் பிளேடாலேயே துருத்தலைத் தட்டிவிடுங்கள். ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும், அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் போதும். பலரும் இதைப் பார்க்காமல் சுவர் முழுக்கத் தேய்த்து மூட்டை மூட்டையாகத் தூசி கிளப்புகிறார்கள். வெள்ளை சிமென்ட் பட்டியை மறுநாளே தேய்த்துவிடுங்கள், நாள் போகப் போக இறுகும். அது காரம். கண்ணில் பட்டால் கசக்காமல் பதினைந்து இருபது நிமிடம் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஓசூர் எலக்ட்ரீஷியன்

தண்ணீர் வைத்துத் தேய்க்கச் சொல்கிறீர்கள், சரி. சுவிட்ச் போர்டு இருக்கிற சுவரில் மெயினை இறக்காமல் ஈரக் கை வைக்காதீர்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, போர்டுக்குள் லைன் வந்துகொண்டேதான் இருக்கும். இறக்கிவிட்டு டெஸ்டர் வைத்துப் பார்த்து, போர்டைப் பாலிதீனால் சுற்றி டேப் ஒட்டுங்கள். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுவரை முடித்துவிடுவது நல்லது. 1988 வயரிங் என்றால், மின்கசிவு வந்தால் தானே லைனைத் துண்டிக்கிற ஆர்சிசிபி இருக்காது. பெயிண்ட் வேலையோடு 30 மில்லி ஆம்பியர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு பெயிண்டர்

நல்லவேளை ஞாபகப்படுத்தினார், நான் விட்டுவிட்டேன். இன்னொன்று. சுவருக்கு எமல்ஷன் அடித்தால் தண்ணீர் கலப்பதுதான், வாடை குறைவு. கதவு ஜன்னலுக்கு எனாமல் அடிக்கும்போதுதான் டர்பன்டைன் வரும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து பக்கத்து அறை வரை போகும். மாலை போட்ட வீடு, காலையும் மாலையும் விளக்கு எரியும். எனாமல் அடிக்கிற அன்று பூஜையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கேஸை ரெகுலேட்டரோடு அணையுங்கள், கொசுவத்திச் சுருளும் கூடாது. என்95 இந்த ஆவியைத் தடுக்காது. ஜன்னல்தான் பாதுகாப்பு. மார்கழிக் குளிருக்குப் பயந்து மூடிவிடாதீர்கள். தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். கையில் ஒட்டிய பெயிண்டைத் தின்னர் தொட்டுக் கழுவாதீர்கள், தேங்காய் எண்ணெய் தேய்த்துச் சோப்பு போட்டால் போய்விடும்.

கேட்பவர்

மாசி பிறந்துவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மலைக்குப் போய்வந்து, தாடி எடுத்து, பொங்கலுக்குப் பிறகு நானும் மச்சானும் ஆரம்பித்தோம். பச்சைச் சுவர் மூன்றையும் வாட்டர் பேப்பரில் தேய்க்க இரண்டு நாள் ஆனது. பாலிதீனைத் தாண்டி ஒரு துளி தூசி போகவில்லை. ஜன்னல் ஓதத்துக்குக் காரணம் வெளியே சன்ஷேடில் இருந்த விரிசல், அதை அடைத்தாயிற்று.

மகனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தோம். டெசிலிட்டருக்கு 4 மைக்ரோகிராம். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னார் டாக்டர். அக்கா, இது பயப்பட வேண்டிய அளவா? இன்னொன்று, சுரண்டிய சில்லும் பாலிதீனும் இரண்டு பையில் கட்டி வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது?

தருமபுரி நர்ஸ் அக்கா

5-உம் அதற்கு மேலும் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உங்களுக்குக் காரணம் தெரியும், நிறுத்தியும்விட்டீர்கள். மூன்று மாதத்தில் இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம், அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு ஈயம் கூடுதலாக உடம்பில் சேரும். ராகிக் களி, கூழ், கீரை, முட்டை கொடுங்கள். சாப்பிடுமுன் கையைச் சோப்பு போட்டுக் கழுவும் பழக்கம் வரட்டும்.

பாலக்கோடு பெயிண்டர்

எரிக்காதீர்கள், தோட்டத்து மண்ணிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டாதீர்கள். பை கிழியாமல் இன்னொரு பைக்குள் போட்டு, உள்ளே என்ன என்று மேலே எழுதி, குப்பை வண்டிக்காரரிடம் சொல்லியே கொடுங்கள். அவர் கையால் பிரிக்கிறவர்.

தங்கை எப்போது வருகிறார்?

கேட்பவர்

வரும் வியாழன். எனாமல் அடித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது, ஜன்னலெல்லாம் திறந்தே கிடக்கிறது, வாடை இல்லை. நேற்று கடைசியாக ஒரு தடவை துடைத்தேன். வாளித் தண்ணீர் தெளிவாக இருந்தது.